ஓகஸ்டில் மன்னார்த் தீவு: எந்தக் காற்றுக்கு எந்தக் கரை?

வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கனடாவில் இருக்கும் அக்கா குடும்பம் ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு 9 வயதும் 14 வயதும். கூடவே 70 தாண்டிய அம்மா. மன்னார்த் தீவில் மூன்று நாள் நிற்கப் போகிறார்கள். அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் வெளியில் என்ன செய்யலாம்? எங்கே கடல் குளிக்கலாம்? பூநாரை பார்க்கலாமா? ராமர் பாலத்துக்கு வள்ளத்தில் போகலாமா? மூத்தவன் கைற் சேர்பிங் (பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடுவது) பழகலாமா?

ஏமாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படங்களில் நீங்கள் பார்க்கிற அந்தப் பூநாரைக் கூட்டம் ஓகஸ்டில் இருக்காது. அது வாடைக்காலத்துக் காட்சி. நவம்பருக்குப் பிறகு வந்து மார்ச் வரையில் நிற்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போகும். ஆனால் ஓகஸ்டுக்கென்று வேறு சங்கதிகள் உண்டு. அதற்கு முதலில் காற்றைப் பற்றித் தெரிய வேண்டும். மன்னாருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஹோட்டலைப் பார்த்துக் கரையைத் தெரிவு செய்கிறார்கள். காற்றைப் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிற ஒரு மணல்திட்டு. பட்டினத்தில் தொடங்கித் தலைமன்னார் இறங்குதுறை வரை வீதி கிட்டத்தட்ட 30 கி.மீ. ஓடுகிறது, அகலமான இடத்திலும் தீவு 10 கி.மீ. வராது. வடகிழக்குப் பக்கம் பாக்கு விரிகுடா: ஆழம் குறைந்த, சேறும் கடற்புல்லும் கலந்த கடல். தென்மேற்குப் பக்கம் மன்னார் வளைகுடா: ஆழமான, திறந்த கடல். ஊர்ப்பேச்சில் வடகடல், தென்கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே தொடங்கி செப்டெம்பர் வரை சோழகம் வீசும். அது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. தீவின் முதுகில் குறுக்காக அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடை, வடகிழக்கிலிருந்து வருகிற காற்று. எல்லாம் மாறி, வடகடல் குழம்பும், தென்கடல் அடங்கும். கடற்றொழிலாளர் வாடி (தற்காலிகக் குடிசை) போடுகிற இடமும் வள்ளம் இழுத்து வைக்கிற கரையும் இந்தக் கணக்குப்படிதான் பருவத்துக்குப் பருவம் மாறி வருகின்றன.

ஆகவே உங்கள் ஆட்களுக்கு வடகரை. பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீளத்துக்குக் கரை இருக்கிறது. கால் வைத்தால் கணுக்கால் தண்ணீர், கொஞ்சத் தூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அளந்து செய்தது போல இருக்கும். ஆனால் இங்கேதான் ஒரு விஷயம் உண்டு, இதைத் தயவுசெய்து அக்காவுக்கு வடிவாக விளங்கப்படுத்துங்கள். வடகரையில் சோழகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை இல்லாததற்குக் காரணமே அதுதான். அதே காற்று, காற்றடைத்த எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். ரப்பர் வளையம், மிதக்கும் மெத்தை, கடற்கரைப் பந்து எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பந்து போனால் போகட்டும். பந்தைப் பிடிக்கப் போகிற பிள்ளைதான் ஆபத்து. திரும்பி நீந்துகிறபோது காற்று முகத்தில் அடிக்கும், குட்டி அலைகள் வாய்க்குள் வரும், பெரியவர்களுக்கே களைக்கும். கனடாவில் நீச்சல் தடாகத்தில் சான்றிதழ் எடுத்த பிள்ளை என்றாலும் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேலே விடாதீர்கள். அங்கே உயிர்காப்பாளர் யாரும் உயரக் கதிரையில் இருக்கமாட்டார்.

தென்கரையில் கீரிக் கடற்கரை பட்டினத்துக்குக் கிட்ட இருக்கிறது. பின்னேரங்களில் பட்டினத்துச் சனம் கூடுகிற இடம். தாழ்வுபாடும் அந்தப் பக்கம்தான். ஓகஸ்டில் அங்கே போய்க் காற்று வாங்குங்கள், கடலை கொறியுங்கள், கால் நனையுங்கள். குளிக்க இறங்காதீர்கள். அலையை விட அலை திரும்பி இழுக்கிற இழுவைதான் மோசம். கரையில் நிற்கிற இளந்தாரிகள் குதிக்கிறார்களே என்று மூத்தவன் கேட்பான். அவர்களும் குதிக்கக் கூடாதுதான்.

வடகரையில் சேறும் மணலும் கலந்த நிலத்தில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கப் பழக்குங்கள். மணலுக்குள் திருக்கை படுத்திருந்தால் அசைவு கேட்டு ஓடிவிடும். மேலே மிதித்தால்தான் வாலால் குத்தும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு நேரே மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால் நீங்களே தோண்டி எடுக்க வேண்டாம். சொறி (ஜெலிமீன்) மிதந்து வருகிற நாட்களும் உண்டு. இறங்குமுன் வலையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிற ஆட்களிடம், “இண்டைக்குச் சொறி இருக்கோ?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கரையில் அவர்களை விட நல்ல வானிலை அறிக்கை கிடையாது.

சுழியோடிப் பார்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வந்த இடத்தில் அக்கா கேட்பா. வடகடல் இந்தக் காலத்தில் அமைதி என்றாலும் தெளிவில்லை. கலங்கல் தண்ணீரில் முகமூடி போட்டுக் குனிந்தால் பச்சையாகத்தான் தெரியும். பவளப்பாறைகள் தென்பக்கம், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக்கு வெளியே இருக்கிற பார்களில் (கடலடித் திட்டுகளில்) உண்டு. முத்துச்சிப்பி விளைந்ததும் அந்தப் பக்கத்துப் பார்களில்தான். அதற்குச் சோழகம் முடிய வேண்டும், வாடையும் தணிய வேண்டும். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று வாருங்கள்.

ராமர் பாலம். இதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். தலைமன்னாரின் நுனியிலிருந்து தனுஷ்கோடிப் பக்கமாக ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்துக்கு மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. சில தீடைகளில் நின்றால் ஒரு பக்கம் வளைகுடா, மறுபக்கம் விரிகுடா. இலங்கைப் பக்கத் தீடைகள் 2015ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆலா என்கிற கடற்பறவைகள் தரையில் முட்டையிடுகிற இடங்கள். இந்தியக் கடல் எல்லையும் அந்த வரிசைக்குள்ளேயே வருகிறது. ஆகவே அனுமதி இல்லாமல் எந்த வள்ளக்காரர் “நான் கொண்டு போறன்” என்று சொன்னாலும் ஏறாதீர்கள். பிடிபட்டால் உங்களுக்குப் பேச்சோடு போய்விடலாம். அவருடைய வள்ளமும் தொழிலும் போகும். வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கடற்படையிடமும் முன்கூட்டியே விசாரியுங்கள். அனுமதித்த சவாரி ஓடுகிற நாளாக இருந்து, கடலும் இடம் கொடுத்தால் போய்வாருங்கள். என் எண்ணத்தைக் கேட்டால், ஓகஸ்டில் ஒன்பது வயதுப் பிள்ளையோடும் 70 வயது அம்மாவோடும் அந்தப் பயணம் வேண்டாம். தென்பக்கம் அலை அடிக்கிற நாளில் தீடையைச் சுற்றி நீரோட்டம் பலமாக இருக்கும். வள்ளம் குலுங்குகிற குலுக்கலில் அம்மாவின் நாரி தாங்காது.

அதற்குப் பதிலாகத் தலைமன்னார் இறங்குதுறைக்கும் ஊருமலைப் பக்கத்துக் கரைக்கும் பின்னேரம் நாலு மணிபோலப் போங்கள். பழைய வெளிச்சவீடு, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய இறங்குதுறை, அதற்கு முடிவாக ரயில்பாதை. 1914இல் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடி ரயில் ஏறி சென்னை போகிற பயணம் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. பிறகு ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது, 80களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. உங்கள் அம்மா வயதுக்காரர்கள் சிலர் இந்தக் கப்பலில் போய் வந்திருப்பார்கள். அம்மாவைக் கதைக்க விடுங்கள், பிள்ளைகளுக்கு அது எந்த வழிகாட்டியும் சொல்லாத கதை. இப்போது தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் கப்பல் இல்லை. 2023 ஒக்டோபரில் தொடங்கியது காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் ஓடுகிற கப்பல். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

தலைமன்னாரில் ஒரு சின்ன எச்சரிக்கை: போன் சிலவேளை இந்தியச் சிக்னலைப் பிடித்துவிடும். ரோமிங்கை நிறுத்திவிடுங்கள், கனடா சிம் என்றால் கட்டாயம். ட்ரோன் கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். தலைமன்னாரோ கடற்படை கண் வைத்திருக்கிற எல்லைக்கரை.

தலைமன்னாருக்குப் போகிற வழியை ரயிலில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 1990இல் அறுந்த பாதை 2015 மார்ச்சில்தான் தலைமன்னார் வரை மறுபடி திறந்தது. வவுனியாவிலிருந்து நேரடி ரயில் இல்லை, பாதை மதவாச்சியில் பிரிகிறது. நீங்கள் பூவரசங்குளம், பறயனாலங்குளம் வழியாக வாகனத்தில் வந்து, முருங்கனிலோ மடு றோட்டிலோ பிள்ளைகளையும் அக்காவையும் ரயிலில் ஏற்றிவிட்டு, வாகனத்தைத் தலைமன்னாருக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். தீவுக்குள் நுழைகிற இடத்தில் ரயில் தண்ணீருக்கு மேலே போகும். இரண்டு யன்னலாலும் கடல் தெரியும். ஒரு நாளைக்கு ஓடுகிற ரயில்கள் கொஞ்சம்தான், நேரத்தை நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தவறவிட்டால் நாள் போய்விடும்.

கைற் சேர்பிங். பதினாலு வயதுப் பெடியனுக்கு ஆசை வருவது நியாயம். தலைமன்னார்ப் பக்கத்தில் சோழகக் காற்று தாராளம், தண்ணீரும் தட்டை. ஆனால் மூன்று நாள் காணாது. முதல் பாடங்கள் எல்லாம் மணலில் நின்று பட்டத்தை அடக்குவதுதான். பலகையில் ஏறி நின்று ஓடுவதற்குப் பலருக்கு அதை விடக் கூட நாள் எடுக்கும். காசும் குறைவில்லை. இன்னொன்று, மேலே சொன்ன அதே கதை: வடகரையில் காற்று வெளியே தள்ளும். பயிற்றுநரும், ஆளை ஏற்றிக்கொண்டு வர இயந்திரப் படகும், உயிர்காப்பு அங்கியும் இல்லாத இடத்தில் பழக விடாதீர்கள். “மீட்புப் படகு எங்கே நிற்கிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். கையை நீட்டி ஒரு படகைக் காட்ட முடியாதவரிடம் பணம் கட்டாதீர்கள். ஒரு நாள் அறிமுக வகுப்போடு நிறுத்தினால் ஆசையும் தீரும், அடுத்த முறை கூட நாள் எடுத்து வரலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது சாதாரணப் பட்டம். எங்கள் பக்கத்தில் பட்டக்காலம் தைப்பொங்கலை ஒட்டி வாடையில்தான் வரும். ஆனால் சோழகத்துக்கு மட்டும் பட்டம் ஏறாதா என்ன? தீவின் தென்கரையில், கடலுக்கு முதுகைக் காட்டித் தரையைப் பார்த்து நின்றால் காற்று முதுகில் அடிக்கும், பட்டம் தரைப்பக்கமாக ஏறும். நூல் அறுந்தாலும் பனங்கூடலில்தான் போய் விழும், எடுக்கலாம். மின்கம்பிகளுக்கும் காற்றாலைகளுக்கும் கிட்ட மட்டும் வேண்டாம். விண் (காற்றில் கூவுகிற நார்) பூட்டின பட்டம் ஒன்று செய்யத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் முதல் நாளே ஈர்க்கும் ஒட்டுத்தாளும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கனடாப் பிள்ளைகளுக்குப் பட்டம் கூவும் என்பதே புதிசு.

காற்றாலை என்றதும் ஞாபகம் வருகிறது. தென்கரையில் நடுக்குடாப் பக்கம் வரிசையாக நிற்கிற 30 விசிறிகளும் 2020 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட ‘தம்பபவனி’ மின்நிலையத்தினுடையவை, மொத்தம் 103.5 மெகாவாற். வெளியூர் ஆட்கள் அதன் கீழே நின்று படம் எடுக்க விரும்புவார்கள். வீதியில் நின்று எடுங்கள். ஆனால் ஊர் ஆட்களிடம் “நல்ல வடிவாயிருக்கு” என்று வாயைத் திறக்குமுன் யோசியுங்கள். மழைத்தண்ணி ஓடுகிற வழி மறிபட்டதென்றும், கரைத்தொழில் குழம்பினதென்றும் அவர்களுக்குக் குறை இருக்கிறது. புதிய காற்றாலைகளுக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார்ச் சனம் நாட்கணக்காகத் தெருவில் இருந்தது.

சைக்கிள் ஓட மன்னார் போல இடம் கிடைக்காது. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பட்டினத்திலிருந்து தலைமன்னார் வீதி தீவின் நீளத்தோடு ஓடுவதால் சோழகம் போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டில்தான் அடிக்கும். போகும்போது சுகம், வரும்போது வதை என்கிற கதை இல்லை. இரண்டு தரமும் சமனாகக் கஷ்டம். ஆகவே முழு வீதியையும் ஓட நினைக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டு, பட்டினத்திலிருந்து தோட்டவெளி வரை போய்த் திரும்புவது ஒன்பது வயதுக்கு அளவு. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையில் கொல்லப்பட்ட மன்னார்க் கிறிஸ்தவர்களின் நினைவாக அங்கே வேதசாட்சிகளின் திருத்தலம் இருக்கிறது. மூத்தவன் விரும்பினால் இன்னொரு நாள் பேசாலை வரை ஓடட்டும். வீதியில் கழுதைகள் நிற்கும். அவை விலகாது, நீங்கள்தான் விலக வேண்டும். இரவில் வாகனம் ஓடுகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இருட்டில் கழுதை தெரியாது.

பேசாலையில் காலையில் வள்ளங்கள் வந்து சேருகிற நேரம் பார்க்க வேண்டிய ஒன்று. மீன் ஏலம் நடக்கிற வேகத்துக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்களே மறந்துபோகும். நண்டும் இறாலும் கணவாயும் அங்கேயே வாங்கிச் சமைக்கக் கொடுக்கலாம். கிழமையில் சில நாள் வடகடலில் நம்மவர்கள் வலை போடத் தயங்குவார்கள். திங்கள், புதன், சனி இரவுகளில் இந்திய இழுவைப் படகுகள் இந்தப் பக்கம் வரும் என்பதால், வலையை இழக்க அவர்கள் தயாரில்லை. அதனால் எல்லாக் காலையும் ஒரே மாதிரி மீன் படாது. விரித்துக் காயப்போட்ட வலையின் மேலால் நடக்காதீர்கள், வாகனத்தை அறவே ஏற்றாதீர்கள். படம் எடுக்குமுன் ஒரு சொல் கேளுங்கள். பெரிய கரைவலை இழுப்புப் பார்க்க ஆசையென்றால், அது தென்கடல் அடங்கின மாதங்களுக்குரியது.

இதோடு ஓகஸ்டின் சொந்தப் பொருளையும் சொல்ல வேண்டும்: பனம்பழம். தீவெங்கும் பனை. பழம் விழுகிற காலம் இது. காலையில் பனங்கூடலுக்குள் அம்மாவோடு பிள்ளைகளை அனுப்புங்கள், காணிக்காரரிடம் கேட்டுவிட்டு. பழம் பொறுக்கி, சுட்டு, பிசைந்து, பின்னேரம் பனங்காய்ப் பணியாரம் சுடுகிற வேலை ஒரு பகலை விழுங்கிவிடும். கை எல்லாம் மஞ்சள், சட்டை எல்லாம் கறை. என்னைக் கேட்டால் மூன்று நாளில் பிள்ளைகள் மறக்காத நேரம் கைற்றும் இல்லை, ராமர் பாலமும் இல்லை, இதுவாகத்தான் இருக்கும். பனங்கூடலில் காற்றடிக்கும்போது நேர்கீழே நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பறவை விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். தீவுக்கு வருகிற தரைப்பாலத்தின் பெருநிலப்பக்கம் வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டயர். வாடைக்காலத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து ஊசிவால் வாத்துகளும் உள்ளான் வகைகளும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஓகஸ்டில் தண்ணீர் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும் இடம் அதிகம். ஆனாலும் வெறுமை இல்லை. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், செம்பருந்து, ஆலாக்கள் நிற்கும். மாதக் கடைசியில் முதல் உள்ளான்கள் வரத் தொடங்கும். பட்டினத்துக்குக் கிட்ட இருக்கிற உப்பளப் பக்கத்தையும் பாருங்கள். பாலத்தின் மேல் வாகனத்தை நிறுத்தாதீர்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரை போதும். அதற்குப் பிறகு வெக்கையில் கானல் எழும்பி, தொலைநோக்கியில் பறவை நெளியும். கட்டுக்கரைக்குளத்தில் தண்ணீர் நின்றால் அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.

கடற்பசு பார்க்கக் கொண்டு போகிறோம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நம் கடற்றொழிலாளர் ஆவுளியா என்று சொல்கிற அந்த உயிர் கடற்புல் மேய்ந்து வாழ்வது. இந்தக் கடலில் உண்டு, ஆனால் மிகவும் அருகிவிட்டது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, ஆமையும் அப்படியே. ஆமை இறைச்சி, ஆவுளியா இறைச்சி என்று யாராவது இரகசியமாக நீட்டினால் வாங்காமல் வாருங்கள்.

அம்மாவுக்குப் பொறுமையாக நடக்க இரண்டு இடம். ஒன்று, பள்ளிமுனைப் பெருக்கமரம் (பாஓபாப்). அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர், உங்கள் குடும்பம் முழுக்கக் கை கோத்தாலும் சுற்றி முடியாது, அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட வேண்டி வரும். ஒட்டகங்களுக்கு இலை தேவை என்று அரபு வணிகர் கொண்டு வந்து நட்டதாகச் சொல்வார்கள். மற்றது, பாலத்தை அடுத்து நிற்கிற கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. மதில்மேல் ஏறினால் காற்று ஆளைத் தள்ளும். சின்னவனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பின்னேரம் தீவை விட்டு வெளியே போவதென்றால் அரிப்புக்குப் போங்கள். முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டின மாளிகையின் எச்சம் கடலோர மேட்டில் நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது, செங்கல் கட்டுகள் ஆடுகின்றன. உள்ளே போகாமல் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்திலேயே அரிப்புக் கோட்டை. கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்து தப்பி ஓடிவந்த ரொபேர்ட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்தது இங்கேதான். திருக்கேதீச்சரம் சிவன் கோயில் தரைப்பாலத்திலிருந்து கிட்ட. அம்மா விடமாட்டா என்பதால் அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மன்னார் பெரிசு, இன்னும் சின்னத் தீவு வேண்டும் என்று சிலர் இரணைதீவைக் கேட்கிறார்கள். முழங்காவிலுக்கு மேற்கே, இரணைமாதாநகரிலிருந்து வள்ளத்தில் போக வேண்டும். 1992இல் இடம்பெயர்ந்த சனம், கிட்டத்தட்ட ஒரு வருடம் போராடி, 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளங்களில் போய் இறங்கித் தங்கள் நிலத்தை மீட்ட தீவு அது. விடுதி இல்லை, சாப்பாட்டுக்கடை இல்லை, சுற்றுலாத் தலம் இல்லை. தெரிந்த குடும்பம் இருந்தால் விருந்தாளியாகப் போகலாம். இல்லையென்றால் கடற்றொழிலாளர் சங்கத்திலோ பங்குத்தந்தையிடமோ கதைத்து, குடிதண்ணீரையும் சாப்பாட்டையும் கொண்டு போய், குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஓகஸ்டில் காற்றுக் கூடின நாளில் கடக்க நினைக்க வேண்டாம்.

பொதுவான சில சங்கதிகள். காலை பத்தரைக்குப் பிறகு மூன்றரை வரை வெளியே எதுவும் வைக்காதீர்கள். மழையில்லாத மாதம், மணலில் வெயில் திருப்பி அடிக்கும், காற்று வீசுவதால் சுடுவது தெரியாமல் தோல் கருகும். தீவின் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர், குடிக்கப் போத்தல் தண்ணீர் வைத்திருங்கள். காற்றில் மணல் பறக்கும், கண்ணாடி வேண்டும். குளிக்கிற கரை பெரும்பாலும் ஒரு ஊரின் கரை. தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர்கள் இவை. அக்காவும் பிள்ளைகளும் முழுக்கை மேற்சட்டையோடு கடலில் இறங்கினால் வெயிலுக்கும் நல்லது, ஆட்களின் பார்வைக்கும் நல்லது. கடற்கரையில் போத்தல் திறக்கிற மாமாமார் யாரும் கூட வந்தால் அவர்களைத் தனியாகக் கதைத்து வையுங்கள்.

நாட்களைப் பிரிப்பதென்றால்: முதல் நாள் ரயிலில் வந்து பின்னேரம் தலைமன்னார், இரண்டாம் நாள் விடியப் பேசாலை ஏலம், பிறகு அந்த வடகரையிலேயே குளிப்பு, பின்னேரம் பனங்காய்ப் பணியாரமும் பட்டமும், மூன்றாம் நாள் விடியச் சைக்கிளோ வங்காலையோ, பிறகு பெருக்கமரம், வெயில் சாயக் கோட்டை, அல்லது அரிப்பு.

அறை பற்றி ஒன்று. மடு மாதாவின் பெருவிழா ஓகஸ்ட் 15. அதற்கு முன்னான ஒன்பது நாள் நவநாளும் சேர்த்து மாவட்டமே நிறைந்துவிடும். மடுச் சந்திப் பக்கத்து வீதியும் நெரியும், ரயிலில் இருக்கை கிடைக்காது. அக்கா குடும்பம் அந்த நாட்களை ஒட்டி வருவதென்றால் இப்போதே அறையை உறுதிப்படுத்துங்கள், இல்லையென்றால் 18ஆம் திகதிக்குப் பிறகு வையுங்கள். அறை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வவுனியாவிலிருந்து மன்னார் 80 கி.மீ. அளவுதான், விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பேசாலை ஏலத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம்.